ரீமிக்ஸ் 59: ஐந்தடி உயரப் பெண்ணுக்கு முதல் கயாக்

என் உயரம் 5 அடி 1 அங்குலம். எடை 60 கிலோ. காலுக்கு 36ஆம் நம்பர். இந்த மூன்றையும் சொல்லாமல் ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் காட்டாற்று கயாக் படகைப் பற்றி எழுதுவது வீண்வேலை. ஆனால் எழுதுகிற ஆண்கள் பலர் இதைச் சொல்வதே இல்லை. "சும்மா பறக்குது, ரோல் பண்ண ஈஸி" என்பார்கள். (ரோல் என்றால், கவிழ்ந்த படகை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது.) எழுதியவர் ஆறடி, 85 கிலோ என்பது அவர் போட்ட படத்தைப் பார்த்தால்தான் தெரியும். அவருக்குப் பறக்கிற படகு, என்னை ஏற்றிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போகும்.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு பையர் அனுப்பும் டிசைனுக்கு முதல் ஜோடியை நாங்கள்தான் செய்து காட்டுவோம். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற விஷயம் ஒன்று உண்டு: ஆண்கள் ஷூ பேட்டர்னைச் சின்னதாக்கினால் பெண்கள் ஷூ வராது. லாஸ்ட்டே, அதாவது ஷூவை ஏற்றிச் செய்யும் கால் வடிவ அச்சே வேறு. முன்பாதத்தோடு பார்த்தால் பெண்களுக்குக் குதிகால் குறுகல். அதைக் கவனிக்காமல் நீளத்தை மட்டும் குறைத்தால் பின்னால் கழன்றுகொண்டே இருக்கும். கயாக்கும் அப்படித்தான், காலுக்குப் பதில் இடுப்பில் மாட்டுகிறோம். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால், முதல் படகு வாங்கும்போது விற்பவர் சொல்வதில் முக்கால்வாசியைக் காதில் வாங்க வேண்டியதில்லை.

நான் வாங்கியது லிக்விட்லாஜிக் ரீமிக்ஸ் 59. வட கரோலினாக் கம்பெனி. புதிதல்ல, பெங்களூரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று விற்றார். பழைய ஹெல்மெட்டும் துடுப்பும் சேர்த்து 45,000 ரூபாய். புதிது வரவழைக்கலாமா என்றும் விசாரித்தேன். இந்த மாதிரிப் படகு அங்கேயே ஆயிரம் டாலருக்கு மேல். அதன்மேல் கப்பல் கூலி, சுங்கவரி. உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லாத சாமானானாலும், அடைக்கிற இடத்துக்குக் கூலி கேட்பார்கள். அந்தக் கணக்கை அதோடு மூடி வைத்தேன்.

பெயரில் உள்ள 59 என்பது கேலன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், ஆகவே சுமார் 223 லிட்டர் கொள்ளளவு. இதே ரீமிக்ஸில் 47, 69, 79 என்றும் உண்டு. வேவ்ஸ்போர்ட் டீசல் 60 என்றால் அதுவும் கேலன். ஆனால் பழைய டேகர் மாம்பா 7.6 என்றால் அது நீளம், 7 அடி 6 அங்குலம். பிரிட்டனின் பிரானா கம்பெனி ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று போடுகிறது. யூரோ 37ம் யூகே 4ம் ஒரே கால்தான் என்பது தெரியாமல் ஷூ வாங்கக் கூடாது இல்லையா, இதிலும் எந்த எண் எதைக் குறிக்கிறது என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். கம்பெனி சொல்லும் எடை வரம்பைப் பார்க்கும்போது உங்கள் எடையோடு ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், நனைந்த துணி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்த பிறகு வரம்பின் நடுப்பக்கம் வர வேண்டும்.

வாங்குவதற்கு முன்னால் கோடஞ்சேரியில் மழைக்காலத்தில் கற்றுக்கொடுக்கிறவர்களிடம் போய் வேறு வேறு படகுகளில் உட்கார்ந்து பார்த்தேன். காட்பாடியில் ராத்திரி மங்களூர் மெயில் ஏறினால் காலையில் கோழிக்கோடு, அங்கிருந்து மலைப்பக்கம் பஸ். சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை என்று ஆறுகள். 2013 முதல் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடப்பது இந்தப் பக்கம்தான். ஜெயிக்கிற பெண்ணுக்கு 'ரேபிட் ராணி' பட்டம். எனக்குக் காட்டியது ராணிகள் இறங்கும் இடமல்ல. கொஞ்சம் கீழே, முழங்கால் உயரத்துக்கு அலை புரளும் இடம்.

முதலில் உட்கார வைத்தது ஒரு பெரிய க்ரீக் போட், செங்குத்தான பாறை ஓடைகளுக்கான படகு. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம்; படகின்மேல் குற்றமில்லை, அது 80 கிலோ ஆளுக்காகச் செய்தது. "சேச்சி, பெருசுதான் சேஃப்" என்றான் சொல்லிக்கொடுக்கிற பையன். மிதப்பதைப் பொறுத்தவரை அவன் சொன்னது சரி. கவிழ்ந்தாலும் தக்கையாக மேலே வரும். ஆனால் கயாக் என்பது மிதந்தால் மட்டும் போதாதது. ஓடுகிற தண்ணீரில் திரும்ப வேண்டுமானால் படகைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். சாய்ப்பது கையால் அல்ல, இடுப்பாலும் முட்டியாலும். உள்ளே தொடைக்கு மேலே வளைந்து நிற்கும் கொக்கி மாதிரியான பாகத்தில், அதாவது தை பிரேஸில், முட்டி அழுந்தி இருந்தால்தான் இடுப்பு அசையும்போது படகும் அசையும். என் முட்டி அங்கே எட்டவே இல்லை. இடுப்பை இடதுபக்கம் சாய்த்தேன், நான் மட்டும் சாய்ந்தேன், படகு தன்பாட்டுக்கு நேராக இருந்தது. போதாததற்கு மேல்தளம் உயரமாக, அகலமாக இருந்ததால் ஒவ்வொரு துடுப்புக்கும் கட்டைவிரல் கணு விளிம்பில் உரசியது. சாயங்காலம் தோல் வழன்றிருந்தது.

புருஷனோ அண்ணனோ ஓட்டிய பழைய படகு வீட்டில் சும்மா கிடக்கிறது, அதிலேயே கற்றுக்கொள் என்று சொல்லும் வீடுகள் உண்டு. அதில் கற்றுக்கொள்ளத் தொடங்கும் பெண்கள் இரண்டாவது வாரம் "எனக்குப் பலம் போதல" என்று விட்டுவிடுகிறார்கள். பலத்தில் குறையில்லை. சைஸ்தான் தப்பு.

அடுத்து ஒரு ப்ளே போட். ஆறடிதான் இருக்கும், வால் தட்டையாக, மெல்லிசாக. இடுப்புக்குக் கச்சிதம், முட்டி சரியாகப் பிடித்தது, இதுதான் என்று நினைத்தேன். முதல் அலையிலேயே வால் தண்ணீருக்குள் போய், மூக்கு வானத்தைப் பார்த்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு நல்ல பொழுதுபோக்கு. வித்தை காட்டத் தெரிந்தவர்கள் வேண்டுமென்றே வாலை அமிழ்த்துகிறார்கள். அதற்காகத்தான் அந்த வடிவம். புதிதாகத் துடுப்பு பிடிப்பவருக்கு அது வேண்டாம்.

ரிவர் ரன்னர் என்கிற நடுவகைதான் முதல் படகுக்குச் சரி. ரீமிக்ஸ் அந்த வகை. எட்டடிக்கு மேல் நீளம், மூக்கு மேலே வளைந்திருக்கும், அடிப்பாகம் உருண்டை. இந்த உருண்டை அடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையிலோ குளத்திலோ உட்கார்ந்து பார்த்தால் தட்டை அடியுள்ள படகு அசையாமல் நிற்கும், உருண்டை அடி லொடலொடவென்று ஆடும். புதியவர்கள் எல்லோரும் தட்டையைத்தான் கேட்பார்கள். ஆற்றில் நடப்பது வேறு. பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பிச் சுற்றும் இடத்தை எடி என்கிறார்கள். அதற்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும், நுரை காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டைத் தாண்டும்போது தண்ணீர் இரண்டு திசையில் இழுக்கிறது. தட்டை அடியின் கூர்மையான ஓரத்தை ஓட்டம் பிடித்துக்கொண்டால், என்ன நடந்தது என்று புரிவதற்குள் தலை கீழே. உருண்டை அடியில் பிடிக்க ஓரம் கிடையாது. சறுக்கிக்கொண்டு போகும், "சாய்ச்சுக்கோ" என்று ஒரு மூச்சு அவகாசம் தரும். ரீமிக்ஸில் எனக்குப் பிடித்தது இந்த அவகாசம்தான்.

வேகமும் உண்டு. நீளமான படகு என்பதால் நாலு துடுப்பு ஒழுங்காகப் போட்டால் எடிக்குள் நுழைந்துவிடும். நேராகவும் போகும். குட்டைப் படகில் கற்பவர்கள் நேராகப் போவதற்கே பாதி சக்தியைச் செலவழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு விலையாக, குறுகலான பாறைச் சந்தில் சட்டென்று திருப்ப முடியாது. முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கற்கும்போது அதுவும் நல்லதுதான் என்பேன்.

இனி பொருத்தம். படகு வாங்கியதும் பாதி வேலைதான் முடிந்தது. சீட், இடுப்பு பேடு, தை பிரேஸ், முதுகுக்கு பேக்பேண்ட், காலுக்குத் தட்டு என்று எல்லாவற்றையும் நகர்த்தலாம். முந்தைய சொந்தக்காரர் என்னைவிட நெட்டை, ஆகவே கால்தட்டை நன்றாக என் பக்கம் இழுக்க வேண்டியிருந்தது. தடித்த சோல் ஷூ போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். அந்த இடுக்கில் பாதம் மாட்டினால் வெளியே வராது. மெல்லிய ரப்பர் சோல், நாடா இல்லாதது. அந்த மட்டும் என்னை நம்பலாம், என் தொழில்.

இடுப்பில் இரண்டு பக்கமும் விரற்கடை இடைவெளி இருந்தது. இதற்கு மினிசெல் என்று ஒரு ஃபோம் விற்கிறார்கள், தண்ணீர் உறிஞ்சாதது. எங்கள் கம்பெனியில் இன்சோலுக்கு வெட்டி மிஞ்சிய ஈவிஏ ஃபோம் துண்டு கிடக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டு எடுத்துவந்தேன். அதுவும் தண்ணீர் குடிக்காது. ஓரத்தைக் கத்தியால் சீவி, எமரி தாளில் தேய்த்து வளைவு கொண்டுவந்தேன். ஒட்டுவதில்தான் சூட்சுமம். படகு பாலிஎத்திலீன், அதில் சாதாரணப் பசை எதுவும் நிலைத்துப் பிடிக்காது. நம் மொட்டைமாடித் தண்ணீர் டேங்க் மாதிரியே பவுடரை அச்சில் போட்டு, சூட்டில் சுற்றிச் சுற்றி வார்த்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் இருந்த தம்பி "இன்னாக்கா, டேங்கா?" என்று கேட்டது முழுத் தப்பில்லை. அதனால் ஃபோமைப் படகில் ஒட்டாமல், ஏற்கெனவே வாரில் மாட்டியிருக்கும் இடுப்பு பேடின்மேல் ஒட்டினேன். நியோப்ரீன் பசையை இரண்டு முகத்திலும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு, ஒரே அழுத்து. அதன்பிறகு பிரிந்ததே இல்லை.

சீட்டுக்குக் கீழேயும் ஒரு துண்டு வைத்து முக்கால் அங்குலம் உயர்த்தினேன். நடுவுடல் குட்டையான பெண்களுக்கு இது பெரிய உதவி, விளிம்பில் கை உரசாது. ரொம்ப உயர்த்தினால் படகு தள்ளாடும். முக்கால் அங்குலத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு இறுக்கம்? வீட்டுக் கூடத்தில் படகைப் போட்டு, சீரியல் பார்த்துக்கொண்டே உள்ளே உட்காருங்கள். அரைமணியில் கால் மரத்தால் தளர்த்துங்கள். இடுப்பை ஆட்டினால் படகு கூடவே ஆட வேண்டும், கையை ஊன்றி எழுந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். இரண்டும் நடந்தால் சரி.

வெளியே வருவதைத் தண்ணீரில் பார்க்காமல் ஆற்றுக்குப் போகக் கூடாது. வேலூர்க்காரிக்கு இதற்கு வசதி உண்டு: கிணறு. ஒடுகத்தூர்ப் பக்கம் சித்தப்பா நிலத்தில் நல்ல அகலமான சதுரக் கிணறு, ஒரு பக்கம் படி. படகைக் கயிறு கட்டி இறக்கினோம். சித்தப்பா பையன் நீச்சலில் கெட்டிக்காரன், அவன் பக்கத்திலேயே தண்ணீரில் நின்றான். வேண்டுமென்றே கவிழ்ந்தேன். தலைகீழாக, காதில் பம்ப்செட் சத்தம் மட்டும் கும்மென்று கேட்கிறது, மூக்கில் தண்ணீர். உடம்பை முன்னால் குனித்து, விளிம்பைத் தடவிக்கொண்டே போனால் ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (இடுப்பில் மாட்டி, தண்ணீர் புகாமல் படகின் வாயை மூடும் உறை) வார் கையில் சிக்கும். அதை முன்னால் தள்ளி மேலே இழுத்தால் ஸ்கர்ட் படகைவிட்டுக் கழலும். முட்டியைச் சேர்த்து, இரண்டு கையாலும் படகைத் தள்ளினால் இடுப்பு விடுபடும். ஈவிஏ துண்டு ஒரு அடுக்கு அதிகம் என்பது அங்கேதான் தெரிந்தது. ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தது. அன்று மாலையே சீவி எடுத்தேன். மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா கேட்டது: "இன்னா பாப்பா, அவ்ளோ காசு குடுத்து வாங்கியாந்து கவுந்துக்கினு கீற?" ரோல் பழகுவதற்கும் அதே கிணறுதான். ஓட்டமில்லாத, ஆழமான தண்ணீர் வேண்டும் என்பார்கள். எங்கள் பக்கம் அது பூமிக்குள்தான் இருக்கிறது.

ஸ்ப்ரே ஸ்கர்ட்டுக்கு இரண்டு அளவு: படகின் வாய்க்கு ஒன்று, உங்கள் இடுப்புக்கு ஒன்று. வாடகைக்குக் கிடைப்பது இடுப்பில் தொளதொளவென்று இருக்கும், மடியில் தண்ணீர் தேங்கும். இடுப்பு சிறியது, வாய் பெரியது என்று பிரித்துக் கேளுங்கள். புது நியோப்ரீனை மாட்டச் சிறிய கைகளுக்குத் தெம்பு போதாது. நனைத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து தொடங்கினால் ஏறும். இழுக்கும் வார் உள்ளே மடங்கிவிடாமல் வெளியே தொங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கூட வருகிறவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

துடுப்பு விஷயத்தில் படகோடு வந்ததை உடனே மாற்றினேன். அது 200 செ.மீ. என் உயரத்துக்கு 188இலிருந்து 191 போதும். தண்டும் மெல்லிசு வேண்டும், பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் சந்திக்க வேண்டும். தடித்த தண்டை நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வீங்கும்.

தலைமுடி. கொண்டை போட்டு ஹெல்மெட் மாட்டினால் ஹெல்மெட் முன்னால் தள்ளி நெற்றியைவிட்டு எழும்பும், பாறையில் இடிக்கும் இடமே நெற்றிதான். கழுத்தடியில் தாழ்வாக ஒரு பின்னல், நுனியை லைஃப் ஜாக்கெட்டுக்குள் விட்டுவிடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுப் பட்டைகளை இறுக்கிய பிறகு, ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை வந்தால் அது உங்களுடையதல்ல. பருத்தித் துணி வேண்டாம், நைலான் லெக்கிங்ஸும் முழுக்கை டீஷர்ட்டும். ஆற்றங்கரையில் துணி மாற்றுவது எப்படி என்று கேட்கும் தோழிகளுக்கு: நைட்டி. மேலே மாட்டிக்கொண்டு உள்ளே மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இதற்கென்றே அங்கி விற்கிறார்கள், நமக்கு வேலூர் லாங் பஜாரில் கிடைக்கிறது.

பழைய படகைப் பார்க்கும்போது கீறலைக் கண்டு பயப்பட வேண்டாம், அடியில் கீறல் இல்லாவிட்டால் அது ஆற்றுக்கே போகவில்லை என்று அர்த்தம். சீட்டுக்கு நேர்கீழே அழுத்திப் பாருங்கள், நொய்ந்து உள்வாங்கினால் அந்த இடம் தேய்ந்துவிட்டது. திருகாணிகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். நிறம் வெளுத்து, தடவினால் மாவு மாதிரிக் கையில் வந்தால் வெயில் தின்ற பிளாஸ்டிக், விட்டுவிடுங்கள். என் படகில் அடியில் ஒரு பள்ளம் இருந்தது. நம்ம ஊர் கத்திரி வெயிலில் மதியம் கவிழ்த்துப் போட்டேன், தானாக எழும்பிவிட்டது. ஆனால் அதே வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் படகு போச்சு. மாடிப்படிக்குக் கீழே, நிழலில், விலாப்பக்கம் நிறுத்தி வைத்திருக்கிறேன். எடை இருபது கிலோவை ஒட்டி வரும். இந்த வகைப் படகுகள் எல்லாமே ஏறத்தாழ அப்படித்தான். மாடியில் குடியிருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சத்துவாச்சாரியில் கயாக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்காதவர் இல்லை. வேலூரின் பெருமையாக அடுக்குவார்களே, நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை, மரமில்லா மலை என்று. (அதில் பெண்களைப் பற்றியும் ஒன்று வரும், அதை நான் எழுதப் போவதில்லை.) 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்த்த எல்லோரும், அடுத்த வெள்ளத்தில் நீ இறங்கலாமே என்கிறார்கள். இறங்க மாட்டேன். 1903 நவம்பரில் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன ஆறு இது என்பது ஒருபக்கம். அதைவிட, வழியெங்கும் தடுப்பணைகள். தடுப்பணையைத் தாண்டி விழும் தண்ணீர் அடிவாரத்தில் பின்னோக்கிச் சுருள்கிறது. மேலிருந்து பார்த்தால் சாதுவாகத் தெரியும், கரைக்குக் கரை ஒரே நேர்க்கோடு, ஒதுங்க இடைவெளியே இருக்காது. மாட்டிய ஆளைத் திருப்பித் திருப்பி அணைக்கே இழுக்கும். லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் விடாது. வெள்ளத்தில் வரும் முள்மரமும், மணல் அள்ளிய பள்ளமும் வேறு. பாறை இருக்கும் இயற்கையான ஆற்றில், தெரிந்தவர்கள் கூட இருக்கும்போது மட்டும் இந்தப் படகை இறக்குகிறேன்.

யாருக்கு ரீமிக்ஸ் 59 சரிவராது? 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள் 47இலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். 75க்கு மேலே என்றால் 69. ஒரே அலையில் நின்று வித்தை பழகும் ஆசைதான் முதலில் என்றால் இந்த நீளம் உங்களை ஏமாற்றும். ஏரியில் சும்மா சுற்றிவர மட்டும் என்றால் இந்த வகையே வேண்டாம். ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை ஆட்டிக்கொண்டு போகும், உட்காரும் வசதியும் கிடையாது. பன்னிரண்டடி ஏரிக் கயாக் ஒன்று பாருங்கள், அதில் உங்கள் பையனையும் பழக்கலாம்.

பழைய படகு வாங்குகிறவர்கள் காற்றுப் பைக்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள், பெரும்பாலும் படகோடு அது வராது. சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அது இல்லாமல் கவிழ்ந்து தண்ணீர் நிரம்பினால், இந்தப் படகைக் கரைக்கு இழுத்துவர மூன்று பேர் வேண்டும்.